நடக்கிறவர் பள்ளத்துப் பக்கம்

“ஓட்டறது யாரு, நடக்கறது யாரு?” என்று கேட்டார் கம்புக்காரர்.

அவருக்கு வேறு பெயர் இருந்திருக்கும். மலையடிவாரத்தில் தார் ரோடு முடிந்து மண் பாதை தொடங்கும் இடத்தில், குறுக்கே கிடந்த நீளமான மரக்கம்பைத் தூக்கி இறக்குவதுதான் அவர் வேலை என்பதால் நானே அப்படிப் பெயர் வைத்துவிட்டேன். காதை மூடிய கம்பளித் தொப்பி, அதற்கு மேல் இன்னொரு தொப்பி, கையில் ஆவி பறக்கும் டம்ளர். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அவருக்குப் பின்னால் மலை இருக்க வேண்டிய இடத்தில் மலை இல்லை. யாரோ துவைத்துக் காயப்போட்ட மாதிரி ஒரு வெள்ளை தொங்கிக்கொண்டிருந்தது. மண் பாதை அதற்குள் நுழைந்து காணாமல் போயிருந்தது.

“ரெண்டு பேரும் வண்டியிலதான் போறோம். நடக்கறதா இருந்தா வண்டி எதுக்கு?” என்றேன்.

“இங்க அப்படித்தான் சார். தனியா வந்தா கம்பு ஏறாது. ஒருத்தர் ஓட்டணும், ஒருத்தர் நடக்கணும். மடிப்பு வரைக்கும் ஜம்முனு உக்காந்து போங்க. மடிப்புல எறங்கிடணும்.”

மடிப்பு என்றால் என்னவென்று எங்கள் வண்டி பானெட்டின் தூசியில் விரலால் வரைந்து காட்டினார். பாதை மேலே போய் ஒரு பாறைச் சுவரில் முட்டி நின்றுவிடும். திருப்ப இடம் கிடையாது. அங்கிருந்து அடுத்த ஏற்றத்தை ரிவர்ஸில் ஏற வேண்டும், அதாவது வண்டியின் முதுகு மேலே, முகம் கீழே. அது இன்னொரு பாறையில் முடியும். அங்கிருந்து மறுபடி முகத்தைக் காட்டிக்கொண்டு உச்சிக்குப் போகலாம். துணியை மடித்து மடித்து வைத்த மாதிரி மூன்று கோடு. நடுக்கோட்டின் மேல் அவர் விரல் நின்றது.

“இதுலதான் நடக்கணும். நடக்கறவர் பள்ளத்துப் பக்கம். பயந்துக்கிட்டு மலைப்பக்கம் ஒதுங்கக் கூடாது. அவர் நிக்கற எடம் வரைக்கும் ரோடு இருக்குன்னு அர்த்தம். வண்டி மேல கையை வெச்சுக்கிட்டே வரணும். ரெண்டு தட்டு தட்டினா வரலாம், ஒரு தட்டு தட்டினா நிக்கணும். வாயால கத்தாதீங்க. அங்க குரல் நாலு பக்கமும் முட்டித் திரும்பி வரும், எது நீங்க எது பாறைன்னு தெரியாது.”

“தட்டவே இல்லன்னா?”

“தட்டற ஆளு இல்லன்னு அர்த்தம்,” என்று சொல்லிவிட்டு டம்ளரை நிதானமாக உறிஞ்சினார்.

“ஓட்டறது நான்,” என்றாள் என் மனைவி, ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல். “நடக்கறது இவரு.”

கம்புக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். சந்தையில் மாட்டைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. எனக்கு ரோஷம் வந்தது. நான் யார் என்று அவருக்குத் தெரிய நியாயமில்லை. டிரைவிங் ஸ்கூல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் ஊரில் இன்று ஸ்டியரிங் பிடிக்கிறவர்களில் பாதிப் பேர் என்னிடம் கற்றவர்கள், மீதிப் பாதி அவர்களைக் கண்டு ஒதுங்கக் கற்றவர்கள். ஓட்டுகிறவரின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தே என் காலம் போனது. சமையல்காரனுக்குச் சூடாகச் சாப்பிட நேரமில்லாத மாதிரி, சொல்லிக் கொடுத்தே காலம் போனதில் நானாக வண்டி ஓட்டியது சொற்பம். ஆனால் மிதித்தது ஏராளம். பயிற்சி வண்டியில் வாத்தியார் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. பையன் தடுமாறினால் நாம் மிதித்துக்கொள்ளலாம். நான் அதன் மேலேயே வாழ்ந்தவன். ‘பிரேக் வாத்தியார்’ என்று சொன்னால் நாய்கூட நடுரோட்டில் தைரியமாகப் படுத்துக்கொள்ளும்.

நான் ஓய்வு பெற்றபோது ஸ்கூலின் மிகப் பழைய வண்டியும் ஓய்வு பெற்றது. நானே வாங்கிக்கொண்டேன். என் மனைவிதான் அதை மெக்கானிக்கிடம் விட்டுச் சரிபார்த்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். என் பக்கத்துப் பிரேக் அப்படியே இருந்தது. ஒரே குறை, மிதிக்கும்போதெல்லாம் எலிக்கு வயிற்றுவலி வந்த மாதிரி கிறீச்சென்று கத்தும். ஒரு சொட்டு எண்ணெய் விடலாம் என்றால் அவள் விடமாட்டாள். “இருக்கட்டும்ங்க, அது ஒண்ணாவது நீங்க சொல்றதுக்குப் பதில் பேசட்டும்,” என்பாள்.

அவளும் மிதித்து வாழ்ந்தவள்தான். தெருமுனையில் தையல் கடை வைத்திருந்தாள். ஊர் பூராவும் அவளை டெய்லரம்மா என்றுதான் கூப்பிடும், செல்லம் வந்தால் நானும். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம் கடையை மூடிவிட்டு, வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றாள். வீட்டிலேயே வாத்தியார் இருக்க வேறெங்கே போவது என்று நானே உட்கார்த்தி வைத்துக் கற்றுக் கொடுத்தேன். எங்கள் சந்து முடிவதற்குள் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டோம். ஸ்கூல் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கமாக நடந்து வீடு சேர்ந்தோம். மறுநாள் அவள் போய் எதிர்ச்சாரி ஸ்கூலில், அதுவும் என்னிடமே கற்றுக்கொண்டு போட்டிக்குக் கடை போட்ட பெண்ணிடம், சேர்ந்துவிட்டாள். முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கினாள். இந்த வண்டி வந்த நாள் முதல் ஸ்டியரிங் அவளுக்கு, பக்கத்து இருக்கையும் கிறீச்சும் எனக்கு. சுபமான குடும்பம்.

இந்த மலை அவளுடைய மலை. எங்கள் சமையலறை ஜன்னலில் அது நேராகத் தெரியும். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டுதான் அவள் பால் பொங்கவிட்டிருக்கிறாள். ‘எதிர்வீட்டுக்காரர்’ என்று பெயர். “எதிர்வீட்டுக்காரர் இன்னிக்குத் தொப்பி போட்டிருக்காரு, துணி காயாது.” “எதிர்வீட்டுக்காரர் வெளியூர் போயிட்டாரு போல, ஆளையே காணோம்.” ஒருநாள் அங்கே போகலாம் என்று அவள் சொல்வதும், அது மனுஷன் போகிற பாதையா என்று நான் கேட்பதும், தினசரி பால்காரர் வருகிற மாதிரி வழக்கமாகிவிட்டது.

பிறகு அவள் கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். முதலில் தச்சரைத் திட்டினாள். பிறகு மேஜை மேல் பக்கத்திலேயே வைத்த டம்ளரைத் தட்டிவிட்டு என்னைத் திட்டினாள். கண் டாக்டர் இருட்டறையில் உட்காரவைத்து, சின்னச் சின்ன வெளிச்சப் புள்ளிகளைக் காட்டி, தெரியும்போது பட்டனை அழுத்தச் சொன்னார். நான் வெளியே நின்று எட்டிப் பார்த்தேன். ஓரத்துப் புள்ளிகள் எரிந்து எரிந்து அணைந்தன. அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள். நடுவில் ஒன்று எரியும்போது மட்டும் டக்கென்று அழுத்தினாள். நேர்ப்பார்வை நன்றாக இருக்கிறது, பக்கப் பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டு வருகிறது என்றார் டாக்டர். இருப்பதை மருந்து விட்டுக் காப்பாற்றலாம், போனது திரும்பாது. “இனிமே கூட்டத்துல வண்டி எடுக்காதீங்க. லைசென்ஸ் புதுப்பிக்க வந்தா என்னால கையெழுத்துப் போட முடியாதும்மா.”

“அது இந்த வருஷக் கடைசியிலதான டாக்டர்?” என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் சமையலறை ஜன்னலுக்கு நேரே நின்றாள். தலையை லேசாக இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். “எதிர்வீட்டுக்காரர் நேராத்தான இருக்காரு? நேரா எல்லாம் தெரியுது. அதுக்குள்ள ஒரு தடவை நானே ஓட்டிக்கிட்டு மேல போயிடணும்ங்க. நீங்க வர்றதா இருந்தா வாங்க. பாதியில திருப்புன்னு சொன்னா எறக்கி விட்டுட்டுப் போயிடுவேன்,” என்றாள். அது மனுஷன் போகிற பாதையா என்று அன்று நான் கேட்கவில்லை. பால்காரர் அன்று வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படித்தான் கம்புக்கு முன்னால் வந்து நின்றோம். கம்பு மெல்ல மேலே போனது. நாங்கள் வெள்ளைக்குள் நுழைந்தோம்.

அந்தப் பாதையைப் பற்றி நான் சொல்வதில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள், என் மனைவி முக்காலைக் கழிக்கச் சொல்வாள். பாதை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். என்றோ ஒரு ஆடு வீட்டில் கோபித்துக்கொண்டு மலையேறியிருக்கிறது, அதைச் சமாதானப்படுத்த ஒருவர் பின்னாலேயே போயிருக்கிறார், அந்தத் தடத்தைத்தான் அகலமாக்கி வண்டி விடுகிறார்கள். முன்கண்ணாடியில் பாதை தெரியவில்லை, ஆகாயம்தான் தெரிந்தது. சட்டைப் பையிலிருந்த என் மூக்குக் கண்ணாடி தானாக எழுந்து, தோளைத் தாண்டி, பின்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. கொண்டை ஊசி வளைவு என்பார்கள். இது எந்த அரக்கியின் கொண்டைக்குச் செய்த ஊசியோ தெரியாது. ஒரு வளைவில் திரும்பும்போது எங்கள் வண்டியின் பின்பக்கத்து நம்பர் பிளேட்டை நானே முன்னால் பார்த்துப் படித்தேன். சக்கரத்துக்கு அடியில் சரளைக்கல் நறநறவென்று பேசிக்கொண்டே வந்தது. சில கற்கள் எங்களோடு வர மனமில்லாமல் பள்ளத்தில் குதித்தன. விழுந்த சத்தம் கேட்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். இன்னும் கேட்கவில்லை.

ஒவ்வொரு வளைவிலும் மிதித்தேன். கிறீச். வண்டி தணிந்து, பூனை மாதிரி திரும்பி, மறுபடி முனகிக்கொண்டு ஏறும்.

“பாத்தியா? நான் மட்டும் மிதிக்கலன்னா இந்நேரம் பேப்பர்ல வந்திருப்போம்.”

“கேட்டுச்சுங்க,” என்றாள். பார்வை நேராக இருந்தது.

சில வளைவுகளில் நான் மிதித்தும் வண்டி தணியவில்லை. இவ்வளவு உயரத்தில் பிரேக்குக்கும் மூச்சு வாங்கத்தானே செய்யும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

கண்ணாடியில் ஆவி படிந்ததால் ஜன்னல்களை இறக்கினோம். அதற்காகவே காத்திருந்த மாதிரி ஒரு மேகம் என் பக்கமாக உள்ளே ஏறியது. குளிர்ந்த ஈரத் துணி முகத்தில் பட்ட மாதிரி இருந்தது. என்னைத் தாண்டி, கியர் மேல் கொஞ்சம் தங்கி, பின்சீட்டில் என் மூக்குக் கண்ணாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு வளைவு எங்களோடு வந்தது. பிறகு அவள் பக்கத்து ஜன்னல் வழியாக இறங்கிப் போனது. சொன்னால் நம்பமாட்டீர்கள், போகும்போது திரும்பிப் பார்த்தது. “லைனிங் துணி,” என்றாள் அவள். “இதுல மேல் துணிய இன்னும் காணோம். வெறும் லைனிங்காவே வருது.”

கொஞ்ச தூரத்துக்கு ஒரு முறை வெள்ளை விலகும். விலகும்போதெல்லாம் ஏதாவது ஒன்றைக் காட்டிவிட்டு மூடிக்கொள்ளும். ஒரு தடவை, ஒரே ஒரு மரம், வேரைப் பாறையில் சொருகிக்கொண்டு பள்ளத்துக்கு மேல் படுத்திருந்தது. இன்னொரு தடவை, வளைவின் விளிம்பில், பள்ளத்தைப் பார்த்துப் போட்ட ஒரு மர நாற்காலி. ஆள் இல்லை. கூப்பிடு தூரத்தில் வீடு இல்லை. நாற்காலி மட்டும், இப்போதுதான் யாரோ எழுந்து போன மாதிரி. நாங்கள் அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தோம். கனவில் வருகிற பொருளைப் பற்றிக் கனவிலேயே யாரும் விசாரிப்பதில்லை அல்லவா, அப்படி. என்ஜின் சத்தம்கூடத் தூரத்தில் வேறு யாரோ மலையேறுகிற மாதிரி கேட்டது. நான் அரைத் தூக்கத்தில் இருக்கிறேனோ, கீழே சமையலறையில் அடுப்பு எரிகிறதோ, ஜன்னல் வழியாக எங்கள் வண்டி ஒரு எறும்பாக ஊர்வதை நாங்களே பார்த்துக்கொண்டு நிற்கிறோமோ என்று இருந்தது. அவள் நெற்றியில் வியர்வை. அந்தக் குளிரில். அப்போதுதான் அவள் எவ்வளவு கஷ்டப்பட்டு ஓட்டுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. நேரே பார்க்கிற கண்ணை வைத்துக்கொண்டு, தையல்காரி ஊசியில் நூல் கோக்கிற மாதிரி, பாதையை மலைக்குள் கோத்துக்கொண்டிருந்தாள்.

பாறைச் சுவர் வந்தது. பாதை முட்டி நின்றது. மடிப்பு.

ஹேண்ட் பிரேக்கை இழுத்து, முதல் கியரில் போட்டு, என்ஜினை அணைத்தாள். அவ்வளவு அமைதியை நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. வலது பக்கம் பாறை சொட்டிக்கொண்டிருந்தது. இடது பக்கம் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்றால், வெள்ளைத் தாளில் எதுவும் எழுதாமல் விட்ட மாதிரி. பின்னால் நடுக்கோடு, எங்கள் வண்டியை விட ஒரு முழம்தான் அகலமாக, மேகத்துக்குள் சரிந்து ஏறியது.

“எறங்குங்க,” என்றாள்.

என் கால் பிரேக்கிலேயே இருந்தது. “நான் எறங்கிட்டா இதை யாரு பாத்துப்பா? ரிவர்ஸ் ஏத்தம். நீ ஒரு தப்பு பண்ணினா மிதிக்க ஆள் வேணாமா? அந்தக் கம்புக்காரனுக்கு என்ன தெரியும். சாதா வண்டியில நடக்கணும்னா சரி. இது டபுள் பிரேக் வண்டி.”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். இப்போதெல்லாம் என்னைப் பார்க்க வேண்டும் என்றால் அவள் முழுசாகத் திரும்ப வேண்டியிருக்கிறது.

“அது வேலை செய்யாதுங்க.”

“எது?”

“உங்க பிரேக்கு. வண்டி வாங்கின அன்னிக்கே மெக்கானிக்கிட்ட கழட்டச் சொல்லிட்டேன். கம்பி கிம்பி ஒண்ணும் கிடையாது. சும்மா விட்டா மிதிச்சதும் பொத்துனு போயிடும், உங்களுக்குத் தெரிஞ்சிடும்னு, பழைய சோபாவுல இருந்து ஒரு ஸ்பிரிங் எடுத்து வெச்சுக் குடுத்தாரு. பாவம், மிதிக்க ஏதாவது வேணுமேன்னு நான்தான் கேட்டேன்.”

நான் மிதித்தேன். கிறீச். இத்தனை வருஷம் நான் நிறுத்திய லாரிகள், தப்பவிட்ட கோழிகள், காப்பாற்றிய சைக்கிள்காரர்கள் எல்லோரும் வரிசையாக வந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள். இதோ இந்த மலையிலேயே நான் எங்கள் உயிரைக் காப்பாற்றிய வளைவுகள்! சோபா ஸ்பிரிங்!

“அப்ப வண்டி நின்னுச்சே?”

“நான் மிதிச்சேன்.”

“நான் மிதிக்கும்போதெல்லாம் கரெக்டா நின்னுச்சே!”

“உங்க முழங்கால் மேல வர்றது என் கண்ணு ஓரத்துல தெரியும். சரின்னு பட்டா நானும் மிதிப்பேன். இல்லன்னா விட்டுடுவேன். கோவிச்சுக்காதீங்க, முக்காவாசி நீங்க சரியாத்தான் மிதிப்பீங்க.” பாறை சொட்டுவது கேட்டது. “ஒரு நாள் திடீர்னு உங்க முழங்காலைக் காணோம். பக்கத்துலதான் உக்காந்திருக்கீங்க. பேசிக்கிட்டே வர்றீங்க. முழங்கால் மட்டும் இல்ல. கதவுல இடிச்சுக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே. அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சு போச்சுங்க. டாக்டர் அப்புறம்தான சொன்னாரு.”

“அப்புறம் எப்படி?”

“அதான் கத்துதே. எண்ணெய் போட வேணாம்னு ஏன் சொன்னேன்?”

நானாகவே காலைப் பிரேக்கிலிருந்து எடுத்தேன். இது சரித்திரத்தில் எழுதி வைக்க வேண்டிய விஷயம். பிறகு கதவைத் திறந்து, பள்ளத்துப் பக்கம், இறங்கினேன்.

என்ஜின் உயிர் பெற்றது. வண்டியின் பின்முனையில், விளக்குக்கு மேல், இடது உள்ளங்கையை வைத்தேன். தகரம் சூடாக, உள்ளே ஏதோ மூச்சு விடுகிற மாதிரி அதிர்ந்தது. என் வலது காலுக்கு அந்தப் பக்கம் ஒரு சாண் மண், அதற்கப்புறம் வெள்ளை. வாழ்க்கை முழுக்க உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லோரையும் நிறுத்தியவன் நான். இப்போது நிறுத்த என்னிடம் ஒன்றும் இல்லை, ஒரு கை தவிர. அவளாலோ என்னைப் பார்க்க முடியாது. நான் நடக்கிற இடம் அவள் கண்ணிலிருந்து ஏற்கெனவே சுருங்கிப்போன பக்கம். கண்ணாடியில் தெரிவேனோ என்றால் அதிலும் மேகம்.

இரண்டு தட்டு தட்டினேன்.

ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கிளட்ச் மெல்ல, மெல்ல, தையல் மெஷினில் பட்டுத் துணிக்கு மிதிக்கிற மாதிரி, எழுந்தது. வண்டி பின்னோக்கி ஒரு அடி என்னோடு வந்தது. இரண்டு தட்டு. இன்னொரு அடி. பின்சக்கரம் ஒரு கல்லைத் தேடி மேலே ஏறி, யோசித்து, இறங்கியது. விளிம்புப் பக்கம் கொஞ்சம் சாய்ந்து வந்தபோது ஒரு தட்டு. நின்றது. உடனே நின்றது. நான் இன்னும் மூச்சை உள்ளே இழுத்து முடிக்கவில்லை, அதற்குள். முன்சக்கரம் திரும்புகிற சத்தம். இரண்டு தட்டு. என்னிடம் படித்த எவனும் என் பேச்சை இப்படிக் கேட்டதில்லை. எவ்வளவு தூரம் அப்படிப் போனோம் என்று தெரியவில்லை. வீட்டிலிருந்து கடைத்தெரு வரைக்கும் இருக்கும், அல்லது கல்யாணத்திலிருந்து இன்றுவரைக்கும் இருக்கும். கீழேயிருந்து ஏறுகிற மேகம் வண்டியின் முகத்தை அழித்தது, பிறகு கதவுகளை அழித்தது, கடைசியில் என் கையையும் மணிக்கட்டு வரை அழித்தது. அழிந்த கை தட்டிக்கொண்டே இருந்தது. அழிந்த வண்டி வந்துகொண்டே இருந்தது. பயமாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. ஆனால் ஒரு தடவைகூட மலைப்பக்கம் ஒதுங்கவில்லை. இதில் மிகை கிடையாது. கழித்துவிடாதீர்கள்.

எதிரே பாறை முட்டியது. மடிப்பு முடிந்திருந்தது. ஒரு தட்டு தட்டிவிட்டு, நெற்றியை வண்டியின் மேல் வைத்துக் கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளேயிருந்து அவளும் கண்ணாடியில் ஒரு தட்டு தட்டினாள்.

மூன்றாவது கோடு குட்டிக் கோடு. அதன் முடிவில் வெள்ளை கிழிந்தது. மேகத்திலிருந்து தலையை வெளியே நீட்டினோம். உச்சி என்பது ஒரு பெரிய அறை அளவு வெறும் தரை. புல்கூடத் தரையோடு தரையாகப் படுத்திருந்தது. மேலே ஆகாயம், வண்ணான் பார்த்தால் பொறாமைப்படுகிற நீலம். கீழே எல்லாப் பக்கமும் மேகம், வெயில் பட்டுப் பஞ்சு மூட்டைகளாக, விளிம்பு தெரியாமல். ஊர் இல்லை, ரோடு இல்லை, கம்புக்காரர் இல்லை. அவள் இறங்கி, சோம்பல் முறித்து, ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு, மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றினாள். கண்ணின் ஓரங்களில் இல்லாததை எல்லாம் உடம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் நேராகவே இருந்தது.

“நம்ம வீட்டு ஜன்னல் எங்கங்க இருக்கும்?”

“அதோ,” என்று உடனே கையை நீட்டினேன். “அந்த வெள்ளை இருக்கு பாரு, அதுக்குப் பக்கத்து வெள்ளை. பால் பாத்திரம் கூட அடுப்பு மேலயே இருக்கு.”

“ஆமாமா,” என்றாள். “பொங்குது. அணைச்சுட்டு வந்திருக்கணும்.” அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிளாஸ்கில் இருந்த டீயை ஆளுக்குப் பாதி குடித்தோம். எதிர்வீட்டுக்காரர் முதல் தடவையாக எங்களை வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்த மாதிரி இரண்டு பேருக்கும் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

வெயில் சாய ஆரம்பித்ததும் அவள் சாவியை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

“என்ன இது?”

“ஏறிட்டேன்ல. போதும்ங்க. எறங்கறதை யாரு வேணா செய்யலாம்.”

“வருஷக் கடைசி வரைக்கும் லைசென்ஸ் இருக்கே.”

“இருக்கட்டும்.” ஸ்வெட்டர் கையை மடித்துவிட்டாள். “மடிப்புல நான் நடக்கறேன். நீங்க உள்ள உக்காந்து ஒழுங்கா சொன்ன பேச்சு கேளுங்க, வாத்தியாரே.”

“நீயா? பள்ளத்துப் பக்கமா? உன் கண்ணுக்கு…”

“கால் வெக்கற எடம் நேராத்தான இருக்கும்?”

இவ்வளவு வருஷத்தில் அவள் இப்படிக் கேட்ட கேள்விகளை ஒரு மூட்டையாகக் கட்டினால் அதுவே ஒரு மலை.

ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தேன். இருக்கை அவள் உயரத்துக்கு இருந்தது. என் முழங்கால்கள் காதைத் தொட்டன. மேல் மடிப்பு வரைக்கும் நேராக இறங்கிப் பாறைக்கு முன்னால் நிறுத்தினேன். அவள் இறங்கி, கதவில் கை வைத்து, பிறகு கையை எடுக்காமலே பின்பக்கமாகத் தடவிக்கொண்டு போனாள். இனி நடுக்கோடு. பின்னோக்கி, கீழே. முன்கண்ணாடி முழுக்க ஏறி வந்த மலையும் ஆகாயமும்தான். போக வேண்டிய இடம் முழுக்க என் முதுகுக்குப் பின்னால். நடுக் கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தேன். பின்கண்ணாடியில் காலையிலிருந்து ஏறிய புழுதி, அதன் மேல் மேகத்தின் ஈரம். ஒன்றும் தெரியவில்லை. அவளும் தெரியவில்லை. என் இடது கால் தானாகப் பக்கத்து இருக்கைப் பக்கம் நீண்டு அந்த சோபா ஸ்பிரிங்கைத் தேடியது. எட்டவில்லை.

காத்திருந்தேன்.

பின்கண்ணாடியில், புழுதிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ஒரு தட்டு. அடுத்து இன்னொன்று. ஈரப் புழுதி அவள் உள்ளங்கையோடு போய்விட்டிருந்தது. வெள்ளைக்கு நடுவே ஐந்து விரலோடு ஒரு கை அளவுக்கு மட்டும் கண்ணாடி தெளிந்து, அந்தக் கைக்குள் சாயங்கால வெயில் பட்ட மண் பாதை கொஞ்சமாகத் தெரிந்தது. ஹேண்ட் பிரேக்கை இறக்கினேன்.